வீட்டு விலை முன்கணிப்பு: சென்னையில் வீடு வாங்குவோரும் முதலீட்டாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை மாதத்திலும் ஆவணியிலும் சென்னையின் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது. முகூர்த்த நாள்களுக்குப் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன்களை ஒதுக்குகிறது. அதே பருவத்தில்தான், ‘நாட்டில் வீட்டு விலை இந்த ஆண்டு இத்தனை சதவீதம் உயரும்’ என்ற கணிப்புகளும் சொத்துச் செய்திகளில் வரிசையாக வருகின்றன. அந்த ஓர் எண்ணை நம்பி வாழ்நாள் சேமிப்பை எடுத்து வைப்பவர்கள், அது எங்கிருந்து வருகிறது, எதுவரை செல்லுபடியாகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். குடியிருக்க வீடு தேடுவோரையும், வாடகைக்கோ மறுவிற்பனைக்கோ வாங்குவோரையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நாடு முழுவதற்குமான ஒரே வீட்டுச் சந்தை என்று ஒன்று இருக்கிறதா?

பாதி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம், வங்கிகளின் கடன் விதிகள், வருமான வரி, ஜி.எஸ்.டி. ஆகியவை கன்னியாகுமரிக்கும் காசிக்கும் ஒன்றுதான். முத்திரைத் தீர்வை, வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை), மனைப்பிரிவு அனுமதி, கட்டட விதிகள் ஆகியவை மாநிலத்தின் கையில் உள்ளன. வேலை எங்கே, குடிநீர் எங்கே, மழைநீர் எங்கே தேங்கும் என்பவை தெருவுக்குத் தெரு மாறுகின்றன. தேசிய முன்கணிப்பு முதல் அடுக்கைப் பற்றி ஓரளவு நம்பகமாகப் பேசும். மற்ற இரண்டைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி பகுதிகளில் வாங்குவோரின் மனநிலையை ஒரே வாரத்தில் மாற்றியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டின் மனை வணிகம் ஏறக்குறைய உறைந்துபோனது. நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கம் நாட்டுக்கே பொதுவான அடி. முதல் இரண்டும் நமக்கு மட்டுமே விழுந்தவை. அந்த ஆண்டுகளின் தேசிய சராசரியைப் பார்த்துச் சென்னையில் முடிவெடுத்தவருக்கு அந்தச் சராசரி எதையும் காட்டியிருக்காது.

எந்தக் குறியீட்டை நம்பலாம்?

பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கக்கூடிய முக்கியமான குறியீடுகள் இரண்டு. ஒன்று, தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் தொடங்கிய ரெசிடெக்ஸ். இப்போது 2017-18ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 50 நகரங்களுக்குக் காலாண்டுதோறும் வெளியாகிறது; வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் கடன் தரும்போது செய்யும் மதிப்பீட்டு விலைகளை அது பயன்படுத்துகிறது. கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளின் சந்தை விலைக்குத் தனியாக ஒரு குறியீடும் அதில் உண்டு. இரண்டாவது, ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு. இது மாநிலப் பதிவுத் துறைகளின் பத்திரப்பதிவுத் தரவிலிருந்து எடுக்கப்படுவது. நெடுங்காலம் 2010-11ஐ அடிப்படையாகக் கொண்டு சென்னை உள்ளிட்ட 10 நகரங்களை மட்டுமே அது அளந்துவந்தது.

இரண்டுக்கும் குறைகள் உண்டு. பத்திரத்தில் எழுதப்படும் தொகை பல நேரங்களில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கிறது என்பது சொத்து வாங்கிய எவருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. ஒரு தெருவில் உண்மையான விலை அசையாமல் இருக்கும்போதே பத்திரத் தொகை மட்டும் ஏறவும் இறங்கவும் இதனால் வழி ஏற்படுகிறது. அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2023 டிசம்பருக்கு முன்பு, பிரிக்கப்படாத நிலப் பங்கான யு.டி.எஸ்.ஸுக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பதிவு செய்யும் வழக்கம் இருந்ததால், ஒரு வீட்டின் முழு விலை ஒரே ஆவணத்தில் தெரியவில்லை. புதிய வீடுகளுக்குக் கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்த பிறகு தரவு மேம்பட்டிருக்கிறது. ஆனால் பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒப்பிடும்போது இந்த மாற்றத்தை நினைவில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

தனியார் ஆலோசனை நிறுவனங்களின் எண்கள் வேகமாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பில்டர் கேட்கும் விலையை வைத்துக் கணக்கிடப்படுபவை. வாங்குபவர் கடைசியில் கொடுத்த விலையை அவை பதிவு செய்வதில்லை. விலையைக் குறைக்காமலே மாடுலர் கிச்சன், கார் நிறுத்துமிடம், பதிவுச் செலவு என்று ஆடிச் சலுகையில் தள்ளிக்கொடுத்தால், கேட்கும் விலை அப்படியே நிற்க, உண்மை விலை மட்டும் இறங்கியிருக்கும். அதோடு, ஒரு காலாண்டில் பெரிய, விலையுயர்ந்த வீடுகள் அதிகம் விற்றுச் சிறிய வீடுகள் குறைவாக விற்றால், எந்த வீட்டின் விலையும் ஏறாமலே ‘சராசரி விலை’ ஏறிவிடும். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழையாகக் கருதுகிறேன், ஏனென்றால் நடுத்தரக் குடும்பங்களை அவசரப்படுத்துவதற்கு இந்த எண்தான் அதிகம் பயன்படுத்தப்படுகிறது.

எவ்வளவு காலத்துக்கு முன்கூட்டிக் கணிக்க முடியும்?

பங்கு விலைகளைப் போல வீட்டு விலைகள் நாளுக்கு நாள் தாவுவதில்லை. ஏறும் விலை சில காலம் ஏறிக்கொண்டே இருக்கும், தேங்கிய விலை சில காலம் தேங்கியே இருக்கும் என்பதைக் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் ஆகிய பொருளியலாளர்கள் 1989இலேயே அமெரிக்க நகரங்களின் தரவைக் கொண்டு காட்டினார்கள். ஆகவே அடுத்த ஓராண்டுக்கான கணிப்பில் ஓரளவு பொருள் உண்டு. அது பெரும்பாலும் கடந்த ஓராண்டின் நீட்சியாகவே இருக்கும்.

இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் என்ற இடைக்காலம்தான் மிகக் கடினம். இன்று அனுமதி பெறும் அடுக்குமாடிகள் அப்போதுதான் ஒன்றாக முடிவடைந்து சந்தைக்கு வரும். அதற்குள் வட்டி, வேலைவாய்ப்பு, அரசின் விதிகள் எல்லாம் மாறியிருக்கக்கூடும். திருப்பங்கள் நிகழ்வது இந்த இடைவெளியில்தான், அவற்றை முன்கூட்டிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தவறியதும், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பில்டர்களுக்குக் கடன் தருவதைப் பெருமளவில் குறைத்துக்கொண்டன. அதனால் பாதியில் நின்ற கட்டடங்களை அதற்கு முந்தைய ஆண்டின் முன்கணிப்புகள் கணக்கில் கொள்ளவில்லை.

பத்தாண்டு அளவில் பார்த்தால் வருமானம், மக்கள் இடப்பெயர்வு, நில அளிப்பு ஆகியவை மீண்டும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். வங்கக்கடலில் புயல் உருவாகும்போது வானிலை மையம் அதன் பாதையை ஒரு கோடாக வரையாமல் விரிந்துகொண்டே போகும் கூம்பாக வரைகிறதே, வீட்டு விலைக் கணிப்பையும் அப்படித்தான் வெளியிட வேண்டும். ஒற்றை எண்ணாக வரும் ஐந்தாண்டுக் கணிப்பை ஒதுக்கிவிடலாம்.

ரெப்போ வட்டி குறைந்தால் வீட்டு விலை ஏறுமா?

ஏற வாய்ப்பு உண்டு, ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்கு நேரான தொடர்பு இல்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டிதான் ரெப்போ. 2020 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த அது, 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. இரண்டரைப் புள்ளி ஏற்றத்தில் விற்பனை படுத்துவிடும் என்றே பலர் கணித்தார்கள். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளிலும் பெருநகரங்களில் விற்பனை கூடியது, விலையும் கூடியது. பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போட்ட தேவை, ஐ.டி. துறையின் சம்பள உயர்வு, பெரிய வீட்டின் மீது வந்த விருப்பம் ஆகியவை வட்டியை வென்றன. 2025 பிப்ரவரியில் தொடங்கிய வட்டிக் குறைப்பையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

வட்டி விலையை எப்படி மாற்றும் என்று ஊகிப்பதைவிட, அது உங்கள் கடனை எப்படி மாற்றும் என்று கணக்குப் போடுவது பயனுள்ளது. 2021இல் ஒருவர் 50 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கினார் என்று கொள்வோம். மாதத் தவணை 38,765 ரூபாய். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டுள்ளதால், ரெப்போ ஏறினால் கடன் வட்டியும் ஏறும். கடனின் தொடக்கத்திலேயே அது 9 சதவீதமாகி, வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், 20 ஆண்டுக் கடன் 38 ஆண்டுக் கடனாகிவிடும். காலத்தை 20 ஆண்டாகவே வைத்துக்கொண்டால் தவணை 44,986 ரூபாயாகும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது இத்தகைய நிலைமைகளால்தான். உங்கள் கடன் எந்த வழியில் நீட்டப்பட்டுள்ளது என்பதை ஆண்டுக்கொரு முறை கணக்கு அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்காமல் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது?

வெறும் எண்ணிக்கை எதையும் காட்டாது. விற்பனை வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் 1,200 வீடுகள் விற்காமல் இருந்து, மாதம் 100 விற்றால், அது 12 மாதச் சரக்கு. விற்பனை மாதம் 50ஆகக் குறைந்தால் அதே சரக்கு 24 மாதங்களுக்கு வரும். இந்த மாதக் கணக்கு நீண்டுகொண்டே போகும் பகுதியில் விலை ஏறும் என்று எவர் சொன்னாலும் காரணம் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. முதலீட்டாளர்கள் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் ‘விற்றவை’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. அவை எந்த மாதமும் மறுவிற்பனைக்கு வரக்கூடியவை. பெரும்பாக்கத்திலோ நாவலூரிலோ மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சாவி கொடுக்கப்பட்ட ஒரு வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, வார நாளில் இரவு எட்டு மணிக்குப் போய் எதிர்ச் சாலையில் நின்று பாருங்கள். விளக்கு எரியும் சன்னல்கள், துணி காயும் பால்கனிகள், முன்பக்கத்தில் இன்னும் பில்டரின் பாதுகாப்பு நெகிழித்தாள் உரிக்கப்படாத கதவுகள் ஆகியவற்றை ஒரு தளத்துக்கு எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு காவலாளியிடம், எத்தனை வீடுகளில் வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள், வந்தவர்கள் எவ்வளவு நாளில் குடியேறுகிறார்கள் என்று விசாரியுங்கள். எந்த அறிக்கையிலும் வராத தரவு அது.

‘நாட்டில் வீட்டுப் பற்றாக்குறை இருக்கிறது, ஆகவே விலை ஏறியே தீரும்’ என்பது சரியா?

சரியல்ல. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அமைக்கப்பட்ட தொழில்நுட்பக் குழு, 2012இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87.8 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும்தான். அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. வீடில்லாதவரால் வாங்க முடிவதில்லை, விற்கப்படும் வீடுகளோ அவருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு கோடி ரூபாய் அடுக்குமாடியின் விலையைத் தாங்கிப் பிடிப்பதற்கு நடைபாதையில் உறங்கும் குடும்பத்தின் தேவையைச் சான்றாகக் காட்டுவது கணக்குப் பிழை மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநீதியும்கூட.

தமிழ்நாட்டில் மகப்பேறு விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 5ஆவது சுற்றில் 1.8ஆக இருந்தது. ஆகவே நீண்டகாலத் தேவை, கூட்டுக் குடும்பங்கள் பிரிவதிலிருந்தும் வெளியூர்களிலிருந்து வேலைக்கு வருவோரிடமிருந்தும்தான் வர வேண்டும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நகர மக்கள்தொகை பற்றி இன்று சொல்லப்படும் எண்கள் பலவும் 2011ஐ நீட்டிப் போட்ட மதிப்பீடுகளே.

அமெரிக்காவைப் போல இங்கும் விலை சரியுமா?

அமெரிக்காவில் 2006இன் உச்சத்திலிருந்து 2012க்குள் தேசிய அளவில் வீட்டு விலை கால் பங்குக்கும் மேல் இறங்கியது. தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகள் பெருமளவில் கட்டாய விற்பனைக்கு வந்ததே அதன் வேகத்துக்குக் காரணம். இங்கே ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் வங்கி தர முடியும். வாங்குபவரின் சொந்தப் பணம் கணிசமாக உள்ளே இருப்பதால், நகையை அடகு வைத்தாவது தவணையைக் கட்டிவிடுகிறார்கள். விற்பவரும் வாங்கிய விலைக்குக் கீழே இறங்கச் சம்மதிப்பதில்லை.

ஆகவே நம் சந்தையில் சரிவு என்பது வேறு உருவத்தில் வருகிறது. விலை நிற்கும், விற்பனை நிற்கும், ஆண்டுகள் ஓடும். 2014க்குப் பிந்தைய ஆறேழு ஆண்டுகளில் பல நகரங்களில் இதுதான் நடந்தது. 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டுகள் கழித்து 90 லட்சத்துக்கு விற்றவர், ‘முப்பது லட்சம் லாபம்’ என்று மகிழ்வார். ஆண்டுக்கு அது 4.1 சதவீதம். பணவீக்கம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால், பழைய 60 லட்சத்தின் வாங்கும் சக்தியைத் தக்கவைக்கவே 97.7 லட்சம் தேவை. வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் என்று சேர்த்தால், ஆண்டு வருவாய் 3.2 சதவீதமாக இறங்கும். எந்த நாளிதழிலும் தலைப்புச் செய்தி ஆகாத சரிவு இது.

சென்னைக்கு என்று தனியாக எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வேலை, நீர், அனுமதி. மூன்றையும் இந்த வரிசையில் பார்ப்பேன்.

ராஜீவ் காந்தி சாலையின் (ஓ.எம்.ஆர்.) வாடகையும் விலையும் ஐ.டி. நிறுவனங்களின் ஆள்சேர்ப்போடு கட்டுண்டவை. அது வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் செலவைப் பொறுத்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள். அங்கே ஆள்கள் அதிகம் இருந்தாலும், ஊதியம் குறைவு, பலர் நிறுவன விடுதிகளில் தங்குகிறார்கள். தொழிற்சாலை வந்தால் வீடு விற்கும் என்ற கணக்கு அதனால் பலிக்காமல் போவதுண்டு.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த நிலத்தையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் பகுதியையும் பற்றிய ஆய்வு முடியும்வரை அங்கே புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரும்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கம் மனையோ வீடோ பார்ப்பவர்களுக்கு, தேசிய முன்கணிப்பின் எந்தச் சதவீதத்தையும்விட இந்த எல்லையைக் காட்டும் வரைபடம் முக்கியம். சதுப்பு நிலம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை; தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் இடம் அது. 2015இலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை, தரைத்தளத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் இரண்டு வீட்டாரிடமாவது நேரில் கேட்டுவிடுங்கள்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் ஆணை வந்தது. இது நீண்டகால அளிப்பைப் பெருக்கும் மாற்றம். புறநகர் மனை விலை ஏறியே ஆக வேண்டும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர், நிலம் கூடினால் விலை என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெட்ரோ வருகிறது என்றால் இப்போதே வாங்கிவிடலாமா?

118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு, பணிகள் பல ஆண்டுகள் நடந்த பிறகு, 2024 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது. இத்தகைய திட்டங்களில் அறிவிப்பின்போது விலை ஒரு முறை ஏறும். தடுப்பு வேலியும் ஒருவழிப் பாதையுமாகக் கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் தேங்கும். ரயில் ஓடத் தொடங்கியபின் வாடகை முதலிலும் விலை பிறகும் நகரும். நீங்கள் கொடுக்கும் விலையில் மெட்ரோவுக்கான தொகை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பதை அறிய, வழித்தடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் விலகிய ஒரே தரமான வீட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பரந்தூர் விமான நிலையம் போன்ற, இன்னும் செயல்பாட்டுக்கு வராத திட்டங்களை வைத்துக் கடன் வாங்கி மனை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனையா, அடுக்குமாடியா? முன்கணிப்பு இரண்டுக்கும் ஒன்றுதானா?

இல்லை. நிலம் மதிப்பேறும், கட்டடம் தேயும். 75 லட்சம் ரூபாய்க்கு 1,000 சதுர அடி வீடு, அதன் யு.டி.எஸ். 450 சதுர அடி. அந்தப் பகுதியில் நிலம் சதுர அடி 8,000 ரூபாய். அப்படியானால் உங்கள் நிலத்தின் மதிப்பு 36 லட்சம், மீதி 39 லட்சம் கட்டடம். நிலம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறி, கட்டடம் 2 சதவீதம் தேய்ந்தால், முதலாண்டு முடிவில் மொத்த மதிப்பு 76.38 லட்சம். அதாவது ‘நில விலை 6 சதவீதம் ஏறும்’ என்ற கணிப்பு அப்படியே பலித்தாலும், உங்கள் வீட்டின் மதிப்பு ஏறுவது 1.8 சதவீதம்தான். கட்டுமானச் செலவு உயரும்போது தேய்மானம் ஓரளவு ஈடாகும் என்பது உண்மை. ஆனாலும் விளம்பரத்தாளில் சதுர அடி விலையைப் பார்ப்பதற்கு முன்பு யு.டி.எஸ். எத்தனை என்று கேட்பதே முறை. மனையில் தேய்மானம் இல்லை, வாடகையும் இல்லை, பட்டா, வில்லங்கம், அங்கீகாரம் ஆகியவற்றில் சிக்கல் வந்தால் முன்கணிப்பால் ஒரு பயனும் இல்லை.

முதலீட்டாளர் எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்?

வாடகையிலிருந்து. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது 3 சதவீதம். ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, சொத்து வரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்தால் கைக்கு வருவது இரண்டேகால் சதவீத அளவில் நிற்கும். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி இதை வாங்குபவர், இடைவெளியான ஆறு சதவீதத்துக்கு மேல் ஆண்டுதோறும் விலை ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார். அதை அவர் தெரிந்தே செய்ய வேண்டும். விற்கும்போது வரியும் உண்டு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு, 2024 ஜூலை 23 முதல், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் மட்டும் பழைய 20 சதவீத முறையோடு ஒப்பிட்டு, குறைவானதைக் கட்டலாம்.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ரூபாயின் மதிப்பை. விலை 5 சதவீதம் ஏறி, ரூபாய் டாலருக்கு எதிராக 3 சதவீதம் இறங்கினால், டாலரில் கணக்கு வைப்பவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 சதவீதம்தான்.

குடியிருக்க வாங்குபவருக்கு முன்கணிப்பு எதற்கு?

வாங்கலாமா என்று தீர்மானிப்பதற்கு அல்ல, எடுத்த தீர்மானம் தாங்குமா என்று சோதிப்பதற்கு. ஏழு ஆண்டுகள் விலை அசையவில்லை, வட்டி இரண்டு புள்ளி ஏறியது, வீட்டில் ஒருவருடைய சம்பளம் ஆறு மாதம் நின்றது என்று மூன்றையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் தவணை கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருக்க முடியும் என்றால், எந்த நிறுவனத்தின் கணிப்பும் உங்களைத் தொடாது.

பதிவுச் செலவையும் சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் முதல், பில்டரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம் முத்திரைத் தீர்வையோடு 2 சதவீதப் பதிவுக் கட்டணம். மறுவிற்பனைக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 45 லட்சத்துக்கு உட்பட்டு, சென்னையில் 60 சதுர மீட்டருக்கு மிகாத வீட்டுக்கு 1 சதவீதம். கட்டுமான நிறைவுச் சான்று பெற்ற பிறகு வாங்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போது வாங்குவதா, ஓராண்டு காத்திருப்பதா?

இதற்கு விடை சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டி முடித்த வீடு 75 லட்சம். கையில் 15 லட்சம், கடன் 60 லட்சம், வட்டி எட்டரை சதவீதம். இப்போது குடியிருக்கும் வீட்டு வாடகை மாதம் 20,000. ஓராண்டு காத்திருந்தால் வாடகையாகப் போவது 2.4 லட்சம். மிச்சமாவது, முதலாண்டுக் கடன் வட்டி ஏறத்தாழ 5.05 லட்சமும், 15 லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால் வரும் 1.05 லட்சமும். கழித்துப் பார்த்தால் காத்திருப்பவருக்கு 3.7 லட்சம் நிற்கிறது. வீட்டின் விலையில் அது ஏறத்தாழ 5 சதவீதம். ஓராண்டில் விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் காத்திருந்தவருக்கு நட்டம், குறைவாக ஏறினால் லாபம். உங்கள் வாடகை, வட்டி, கையிருப்பு ஆகியவற்றைப் போட்டு உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்தே ஓடும், சாவி கிடைக்கும் தேதியும் உறுதியில்லை; வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம்) விதி இருந்தும் தாமதங்கள் நேர்கின்றன.

கண்டுபிடித்த எண்ணைத் தேசியக் கணிப்போடு ஒப்பிடாதீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அதே வளாகத்திலோ, பக்கத்துத் தெருவிலோ கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த மறுவிற்பனைகளின் உண்மைத் தொகையோடு ஒப்பிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடமும், அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக இருக்கும் இரண்டு தரகர்களிடமும் தனித்தனியே கேட்டால், பெரும்பாலும் ஒத்துப்போகும் எண்கள் கிடைத்துவிடும்.